யார் நடுவர்? சதுரங்க என்ஜின்களின் ஆட்டங்களை ஆராயும் முறை வளர்ந்த வரலாறு

இரண்டு மனிதர்கள் ஆடிய சதுரங்க ஆட்டத்தை ஆராய்கிறவர், ஆடியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்தே ஆராய்கிறார். பயம், களைப்பு, கடிகார நெருக்கடி, முந்தைய தோல்வியின் கசப்பு எல்லாம் கணக்கில் வரும். இரண்டு கணினி நிரல்கள் மோதிய ஆட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே எதை ஆராய்வது? நல்ல நகர்வு, கெட்ட நகர்வு என்று தீர்ப்புச் சொல்வது யார்? இக்கேள்விகளுக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் கிடைத்த பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முதலில் மாஸ்டர்கள் நடுவர்களாக இருந்தார்கள். பிறகு புள்ளியியல் அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது இயந்திரங்களே ஒன்றுக்கொன்று நடுவராக நிற்கின்றன. எந்த என்ஜின் வலுவானது என்பதை ஆட்டங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஏன் வலுவானது என்பதை ஓர் ஆட்டத்தை நகர்வு நகர்வாக வாசித்தால்தான் பிடிக்க முடியும். எண்ணும் முறை வளர்ந்த வேகத்தில் வாசிக்கும் முறை வளரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தந்தி வழியே நான்கு ஆட்டங்கள்

நிரலோடு நிரல் மோதிய முதல் பெரிய போட்டி 1966 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதம் நீடித்தது. ஒரு பக்கம் எம்.ஐ.டி.யில் ஆலன் கோடோக்கும் நண்பர்களும் எழுதி, ஜான் மெக்கார்த்தி ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டுசென்று மேம்படுத்திய நிரல். அது ஐ.பி.எம். 7090 கணினியில் ஓடியது. மறுபக்கம் மாஸ்கோவின் கோட்பாட்டு, சோதனை இயற்பியல் நிறுவனத்தில் அடெல்சன்-வெல்ஸ்கி, அர்லசாரவ் முதலியோர் எழுதிய நிரல். அது எம்-20 என்ற, அதைவிட மெதுவான கணினியில் ஓடியது. நகர்வுகள் தந்தியில் போய்வந்தன. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது மாஸ்கோ 3–1 என்று வென்றிருந்தது.

கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரை இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டியிருந்தது. ‘ஏ’ வகை, ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை எல்லா நகர்வுகளையும் பார்க்கும். ‘பி’ வகை, பொருத்தமாகத் தோன்றும் சில நகர்வுகளை மட்டும் தேர்ந்து அவற்றை ஆழமாகப் பார்க்கும். அமெரிக்க நிரல் ‘பி’ வகை: முதல் அடியில் 4 நகர்வுகள், அடுத்ததில் 3, பிறகு 2 என்று குறுகிக்கொண்டே போகும். மாஸ்கோ நிரல் ‘ஏ’ வகை. மாஸ்கோ குழு தன் தேடல் ஆழத்தை இரண்டு ஆட்டங்களில் 3 அரைநகர்வுகளாகவும் (ஒரு பக்கம் ஒருமுறை நகர்த்துவது ஓர் அரைநகர்வு) மற்ற இரண்டில் 5 ஆகவும் வைத்தது. 3 அரைநகர்வு ஆட்டங்கள் இரண்டும் டிரா. 5 அரைநகர்வு ஆட்டங்கள் இரண்டும் மாஸ்கோவுக்கு வெற்றி. போட்டியே ஒரு சோதனையாக அமைந்துவிட்டது. ஒரே ஒரு காரணியை மாற்றி விளைவைப் பார்ப்பது என்ற ஒழுங்கு இந்தத் துறைக்குள் இப்படித்தான் நுழைந்தது.

மூன்றாவது ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பார்த்தால் எண்ணிக்கை சொல்லாத ஒன்று தெரியும். கறுப்பாக ஆடிய அமெரிக்க நிரலின் குதிரை 8-ஆம் நகர்விலிருந்து 12-ஆம் நகர்வுவரை தொடர்ந்து ஐந்து முறை நகர்கிறது: எஃப்6, ஈ4, சி5, ஈ6, ஜி5. முதல் தாவலுக்குப் பின் ஒவ்வொரு முறையும் வெள்ளைச் சிப்பாயோ ராணியோ துரத்த, குதிரை அந்த நொடிக்குப் பத்திரமான ஒரு கட்டத்துக்குத் தாவுகிறது. கடைசியில் வெள்ளை தன் எச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும் குதிரைக்குப் போக்கிடமே இல்லை. தொடர்ந்து எச் வரிசை திறக்க, வெள்ளை யானை எச்7-இல் இறங்குகிறது. அந்த யானையைக் கறுப்பு யானை வெட்டினால் வெள்ளை ராணி ஜி8-இல் செக் வைத்து, அடுத்த நகர்வில் வெட்டிய யானையையே எடுத்துவிடும். 19-ஆம் நகர்வில் மேட். தேர்ந்து பார்க்கும் நிரல், குதிரைக்கு அடுத்த கட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரியாகப் பார்த்தது. துரத்தல் எங்கே போய் முடியும் என்பது அது வடிகட்டி எறிந்த நகர்வுகளுக்குள் கிடந்தது. ‘பி’ வகை தோற்றது என்ற ஒற்றை வரியைவிட, எந்த இடத்தில் எப்படித் தோற்றது என்பதை இந்த ஐந்து தாவல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

டொராண்டோவில் ஒரு யானை

1970-இல் நியூயார்க்கில் நிரல்களுக்கான ஆண்டுப் போட்டிகள் தொடங்கின. 1974-இல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கணினி சதுரங்கப் போட்டி நடந்தது. மாஸ்கோ நிரலின் வழித்தோன்றலான கைசா தன் நான்கு ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றது. அக்காலத்தில் விமர்சனம் முழுக்க மாஸ்டர்களின் கையில் இருந்தது. நிரல் செய்வது புரியாவிட்டால் அது பிழை என்று கொள்வதே இயல்பாக இருந்தது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஹான்ஸ் பெர்லினர் விளக்கிய ‘அடிவான விளைவு’ அதற்கு நல்ல சான்று. தவிர்க்க முடியாத இழப்பைத் தன் தேடல் ஆழத்துக்கு அப்பால் தள்ளிப்போட, நிரல் வீணாகக் காய்களை இறைக்கும்.

1977-இல் டொராண்டோவில் நடந்த இரண்டாவது உலகப் போட்டியில் அந்த வழக்கம் உடைந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் டச்சஸ் நிரல் வெள்ளை; கைசா கறுப்பு. 34-ஆம் நகர்வில் டச்சஸ் தன் ராணியை ஏ8-இல் வைத்துச் செக் சொன்னது. ராஜா ஜி7-க்கு ஒதுங்குவதுதான் யாருக்கும் தோன்றும் பதில். கைசாவோ யானையை ஈ8-இல் கொண்டுவந்து குறுக்கே வைத்தது. ராணி அதைச் சும்மா எடுத்துக்கொண்டது. அரங்கில் முன்னாள் உலக சாம்பியன் மிகயில் போட்வினிக் இருந்தார். அவர் உட்பட எல்லோரும் இதை நிரல் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். கைசா தொடர்ந்து ஆடித் தோற்றது.

பிறகு கைசா குழுவினர் அதே நிலையை நிரலுக்குக் கொடுத்து, ராஜாவை ஜி7-க்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். விடை உடனே வந்தது. வெள்ளை தன் ராணியை எஃப்8-இல் பலி கொடுக்கும். ராஜா அதை வெட்டியே ஆகவேண்டும். பிஷப் எச்6-இல் செக். ராஜா ஜி8-க்குப் போகும். யானை சி8-இல் செக். கறுப்பு ராணி டி8-இலும், அதை யானை வெட்டிய பின் கறுப்பு யானை ஈ8-இலும் குறுக்கே விழுந்தாலும் அதே வெள்ளை யானை இரண்டையும் தின்று மேட் போடும். யானையை இழந்ததுதான் கைசா உயிரோடு நீடிக்க இருந்த வழி.

இந்த ஆட்டத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மாஸ்டர்களின் தீர்ப்பை நிரலின் தேடல் பதிவு மாற்றி எழுதியது முதலாவது. இரண்டாவதற்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. மனித ஆட்டக்காரர் அந்த மேட்டைக் கண்டிருந்தால்கூட, எதிராளி அதைக் காணமாட்டார் என்று நம்பி ராஜாவை நகர்த்தியிருக்கலாம். கைசா தான் கண்டதை எதிராளியும் காணும் என்று வைத்துக்கொண்டு ஆடியது. மினிமேக்ஸ் தேடலின் அடிப்படைத் துணிபு அது. ஆகவே என்ஜின் ஆட்டத்தில் ஒரு நகர்வைப் பிழை என்று எழுதும் முன், அந்த என்ஜின் எதைத் தவிர்க்க முயன்றது என்று பார்த்தாக வேண்டும். பலகை மட்டும் அதற்குப் போதாது. தேடல் பதிவும் வேண்டும்.

எண்ணும் காலம்

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், ஜோ காண்டனுடன் சேர்ந்து பெல் (Belle) என்ற சதுரங்க இயந்திரத்தை உருவாக்கினார்; 1980-இல் லின்ஸில் அது உலகப் பட்டம் வென்றது. அதைவிட, தாம்ப்சன் பெல்லைப் பெல்லுடனேயே மோதவிட்ட சோதனைதான் நம் வரலாற்றுக்கு முக்கியம். தேடல் ஆழத்தில் மட்டும் மாறுபட்ட வடிவங்களை ஒன்றோடொன்று ஆடவைத்தபோது, ஓர் அரைநகர்வு கூடுதலாகப் பார்க்கும் வடிவம் ஏறத்தாழ 200 எலோ புள்ளி முன்னே நின்றது. 200 புள்ளி என்றால் நான்கு ஆட்டங்களுக்கு மூன்று புள்ளி என்ற அளவிலான மேலாண்மை. 1967-இல் மாஸ்கோ காட்டியதை இது எண்களாக்கியது. ஒரு நகர்வு அழகா, அசிங்கமா என்ற கேள்வி இந்த முறையில் எழவே இல்லை.

அதன்பின் வளர்ச்சி வேகமாக நடந்தது. சுவீடனின் கணினி சதுரங்கச் சங்கம் 1984 முதல் தரப்பட்டியல் வெளியிட்டது. 1995-இல் ஹாங்காங் உலகப் போட்டியில், சாதாரண பென்டியம் கணினியில் ஓடிய ஃப்ரிட்ஸ், ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ முன்மாதிரியை வென்றது. ஓர் ஆட்டத்தின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேண்டாம். 2000-இல் யு.சி.ஐ. என்ற பொதுத் தொடர்பு நெறி வந்தபின் எந்த என்ஜினையும் எந்த என்ஜினுடனும் இரவு முழுக்க மோதவிடுவது எளிதாயிற்று.

2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் இந்தப் போக்கின் உச்சம். ஸ்டாக்ஃபிஷ் நிரலில் யார் ஒரு சிறு மாற்றம் முன்மொழிந்தாலும், தன்னார்வலர்களின் கணினிகளில் பழைய வடிவமும் புதிய வடிவமும் சில நொடிக் கணக்கில் பல ஆயிரம் ஆட்டங்கள் ஆடும். தொடர் நிகழ்தகவுச் சோதனை போதும் என்று சொல்லும்வரை ஆட்டங்கள் நடக்கும். பிறகு மாற்றம் ஏற்கப்படும், அல்லது தள்ளப்படும். அந்த ஆட்டங்களை யாரும் வாசிப்பதில்லை. இம்முறை ஸ்டாக்ஃபிஷை உலகின் மிக வலுவான என்ஜின்களில் ஒன்றாக்கியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கப்பட்ட மாற்றம் எந்த வகை நிலைகளில் உதவியது, எங்கே கெடுத்தது என்பது அந்த எண்ணில் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் இன்று பெரும்பாலான நகர்வுகளைக் கத்தரித்துவிட்டு மிகச் சிலவற்றையே ஆழமாகப் பார்க்கிறது. 1967-இல் தோற்ற ‘பி’ வகையின் எண்ணம் வேறு வடிவில் திரும்பி வந்து வென்றிருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு பெரும்பாலும் நகர்வுகளை முதலில் ஆழமின்றித் தொட்டுப் பார்த்த பிறகே நடக்கிறது.

மீண்டும் வாசிப்பு

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம், ஆட்ட விதிகள் தவிர வேறெதுவும் சொல்லித்தரப்படாமல் தனக்குத்தானே ஆடிப் பழகிய ஆல்ஃபாசீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று வென்றதாக அறிவித்தது. நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்த என்ஜினை, 80,000 நிலைகளைப் பார்த்தது வென்றது. ஸ்டாக்ஃபிஷுக்கு 1 ஜிபி நினைவகமே தரப்பட்டது, தொடக்க நூல் இல்லை, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற நேர விதி அதன் நேர மேலாண்மையை முடக்கியது என்ற ஆட்சேபங்கள் உடனே எழுந்தன; அவை நியாயமானவை. 2018-இல் வேறு நிபந்தனைகளில் நடந்த 1000 ஆட்டங்களில் 155 வெற்றி, 6 தோல்வி என்று வந்தபின் சச்சரவு ஓய்ந்தது.

ஆனால் உலகெங்கும் ஆட்டக்காரர்களை உலுக்கியது எண்ணிக்கை அல்ல. 2017-இல் வெளியிடப்பட்டவை பத்தே ஆட்டங்கள். அவற்றை மக்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். ஆல்ஃபாசீரோ சிப்பாயையும் காயையும் விட்டுக்கொடுத்து, பல நகர்வுகளுக்குப் பின்னும் திரும்பப் பெறாமல், எதிரியின் காய்கள் அசைய முடியாத நிலையை உண்டாக்கியது. எச் சிப்பாயை எதிரி ராஜாவின் வாசல்வரை தள்ளி அங்கேயே நிறுத்தியது. மேத்யூ சாட்லரும் நடாஷா ரீகனும் 2019-இல் எழுதிய ‘கேம் சேஞ்சர்’ இத்தகைய கருப்பொருள்களைத் தொகுத்தது. என்ஜின் ஆட்டங்களுக்கு ஒரு வாசிப்பு மரபு உண்டாகலாம் என்பதற்கு அந்நூலே சான்று.

எண்ணிக்கை எங்கே தடுமாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 2010-இல் மார்ட்டின் தோரசன் தொடங்கிய, என்ஜின்களுக்கான டி.சி.இ.சி. போட்டியின் 15-ஆவது பருவ இறுதியில், 2019-இல், லீலா செஸ் சீரோ என்ற என்ஜின் ஸ்டாக்ஃபிஷை 53.5–46.5 என்று வென்றது: 14 வெற்றி, 7 தோல்வி, 79 டிரா. இந்தப் பரவலில் ஓர் ஆட்டத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.23; 100 ஆட்டங்களுக்குத் திட்டப்பிழை 2.3 புள்ளி. லீலா பாதிக்கு மேல் எடுத்தது 3.5 புள்ளி, பிழையைப்போல் ஒன்றரை மடங்கு. வழக்கமான 95 விழுக்காட்டு நம்பகத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். ஆக, லீலாதான் வலுவானது என்று இந்தக் கணக்கு மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.

இதில் ஒரு திருத்தம் உண்டு. சாதாரணத் தொடக்கத்திலிருந்து விட்டால் வலுவான என்ஜின்கள் ஏறக்குறைய எப்போதும் டிராவில் முடிக்கும். அதனால் ஒரு பக்கம் சாய்ந்த தொடக்க நிலைகளைத் தேர்ந்து, நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். அப்போது ஆய்வின் அலகு ஆட்டம் அல்ல, ஆட்ட இணை. வெள்ளையாக வென்று கறுப்பாகத் தோற்றால் அந்த இணை சமம். ஃபிஷ்டெஸ்டும் பின்னாளில் இணைகளாகவே எண்ணத் தொடங்கியது. மேலே செய்த கணக்கையும் இணைகளாகச் செய்தால் தொடக்க நிலையின் சாய்வு நீங்கி, பிழை குறையும்.

இணை ஆட்டம் புள்ளியியலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. வாசிப்புக்கும் அது பெரிய கொடை. ஒரே நிலையை இரு என்ஜின்களும் இரு பக்கமும் ஆடியிருக்கின்றன. எந்த நகர்வில் அவை பிரிந்தன என்று நேராகத் தேடலாம். டி.சி.இ.சி. பதிவுகளில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஆழம், மதிப்பீடு, எதிர்பார்த்த தொடர் எல்லாம் இருக்கின்றன. 1977-இல் ஆட்டம் முடிந்த பிறகு கைசாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இப்போது தானாகவே பதிவாகிறது. ஓர் என்ஜின் தனக்குச் சாதகம் என்றும் மற்றது சமநிலை என்றும் சொல்லும் நகர்வே ஆட்டத்தின் மையம். அங்கிருந்து எது முதலில் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது என்று பின்தொடர வேண்டும். நடுவராக மூன்றாவது என்ஜினை வைப்பது பொதுவழக்கம். ஆனால் அந்த மூன்றாவது, ஆடிய இரண்டில் ஒன்றின் மதிப்பீட்டைக் கற்று வளர்ந்ததாக இருந்தால் தீர்ப்பு சாயும். இது இன்று நிஜமான அபாயம்: 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, யு நாசு ஷோகி ஆட்டத்துக்காக 2018-இல் உருவாக்கிய நரம்பு வலைமுறையை ஏற்றது; அதன் பிந்தைய வலைகளைப் பயிற்றுவிக்க லீலாவின் ஆட்டத் தரவுகளே பயன்பட்டன. எதிராளி ஆடிய ஆட்டம் இப்போது என்ஜினின் பாடப்புத்தகம்.

மாசுபடாத நடுவர் ஒன்று உண்டு. ஏழு காய்கள் வரையிலான எல்லா இறுதிநிலைகளுக்கும் முழுமையான விடை அட்டவணை இருக்கிறது; மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் கணிக்கப்பட்ட அந்த அட்டவணையில் மேட்டுக்கு 549 நகர்வுகள் தேவைப்படும் நிலையும் உண்டு. அங்கே மதிப்பீடு இல்லை, விடை மட்டுமே. ஆகவே ஓர் இணை ஆட்டத்தை ஆராய்கிறவர் இறுதியிலிருந்து பின்னோக்கி நடப்பது நல்லது. அட்டவணை தீர்ப்புச் சொல்லும் நிலையில் தொடங்கி, இரு என்ஜின்களின் மதிப்பீடுகளும் முதன்முதலாகப் பிரிந்த நகர்வுவரை, ஒவ்வொன்றாக.