மின்கலமில்லாத் தொலைபேசி

மின்கலமில்லாத் தொலைபேசி என்பது, பேட்டரி எனப் பேச்சு வழக்கில் சொல்லப்படும் மின்கலத்தைத் தன்னுள் கொண்டிராமலும் வீட்டு மின்னிணைப்பை நாடாமலும் குரலைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும் கருவியாகும். இரண்டு தீப்பெட்டிகளை நூலால் கோத்துச் சிறுவர்கள் பேசி விளையாடுவது இதன் மிக எளிய வடிவம். அங்கே இழுத்துப் பிடித்த நூலின் அதிர்வே குரலைச் சுமப்பதால், நூல் தொய்ந்தாலும் எதிலாவது உரசினாலும் பேச்சு நின்றுவிடும்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876 மார்ச்சில் முதன்முதலாகச் சொற்களைக் கடத்திய கருவிக்கு மின்கலம் தேவைப்பட்டது. ஆயினும் 1877-இல் விற்பனைக்கு வந்த அவருடைய தொலைபேசியில் நிலைக்காந்தம், அதைச் சுற்றிய கம்பிச்சுருள், முன்னே ஒரு மெல்லிய இரும்புத் தகடு ஆகியவையே இருந்தன. குரல் பட்டுத் தகடு அதிரும்போது காந்தப்புலம் மாறி, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் சிறு மின்னோட்டம் எழ, மறுமுனையில் அதே அமைப்பு அம்மின்னோட்டத்தை மீண்டும் ஒலியாக்கியது. பேசுபவரின் மூச்சைத் தவிர வேறு ஆற்றல் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே தொலைவு கூடக்கூடக் குரல் தேய்ந்தது. எடிசனின் கரி ஒலிவாங்கி இக்குறையைப் போக்கியது. குரல் தரும் அழுத்தத்துக்கேற்பக் கரியின் மின்தடை மாறுவதால், மின்கலத்திலிருந்து வரும் வலிய மின்னோட்டத்தைக் குரல் ஒரு மடைபோல் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. குரலுக்கு வலுக் கிடைத்ததற்கு விலையாக, ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசியுடனும் ஒரு மின்கலப் பெட்டி வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. வீடுதோறும் மின்கலங்களைப் பராமரிப்பது எங்குமே பெருஞ்சுமையாக இருந்ததால், 1890-களில் அமெரிக்காவில் அவற்றை நீக்கிவிட்டு இணைப்பகத்திலேயே ஒரு பொது மின்கல அடுக்கை வைக்கும் முறை தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது. தொலைபேசி வரலாற்றில் இதுவே மிகச் சிறந்த முடிவு எனலாம். எடுத்துக்காட்டாக, பாரதியாரின் குயில் தோப்பால் அறியப்படும் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குச் செம்புக் கம்பி இணைப்பு இருந்தால், அவ்விரு கம்பிகள் வழியாகவே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரமும், மணியடிக்க மாறுமின்சாரமும் இணைப்பகத்திலிருந்து வந்துவிடும். தெருவில் மின்சாரம் போனாலும் சாதாரணத் தொலைபேசி பேசும் என்று மூத்தோர் சொல்வதன் காரணம் இதுதான். கருவியில் மின்கலம் இல்லையே தவிர, அது ஊரின் இன்னொரு கட்டடத்தில் மின்னாக்கியின் துணையோடு காத்திருந்தது.

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய ஃபெஞ்சல் புயலும் தாக்கிய இதுபோன்ற கடற்கரை ஊர்களில், மின்கலம் கருவியில் இருக்கிறதா இணைப்பகத்தில் இருக்கிறதா என்ற வேறுபாடு உயிர் தொடர்பானது. கைபேசி தானே வானொலி அலையை உண்டாக்கி அனுப்ப வேண்டியிருப்பதால் அதற்குள் மின்கலம் தேவை. கோபுரத்துக்கும் தனி மின்கலம் தேவை. செம்புக் கம்பிக்கு மாற்றாக வரும் கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கடத்துமாதலால், அதை வீட்டுத் தொலைபேசியுடன் இணைக்கும் சிறு பெட்டி வீட்டு மின்சாரம் நின்றவுடன் அணைந்துவிடுகிறது. விரைவு கூடிய இந்த மாற்றத்தில் பழைய முறையின் அரிய நன்மை ஒன்று கைவிடப்பட்டுவிட்டது.

பெல்லின் பழைய தத்துவம் கப்பல்களில் மறையவில்லை. மின்சாரம் முற்றிலும் நின்றாலும் கப்பலின் கட்டளை மேடையும் இயந்திர அறையும் பேசிக்கொள்வதற்காகக் குரலாற்றல் தொலைபேசிகள் இன்றும் பொருத்தப்படுகின்றன.

2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், வம்சி தல்லா, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஷியாம் கொல்லகோட்டா உள்ளிட்ட குழுவினர் மின்கலமற்ற கைபேசி ஒன்றை உருவாக்கினர். அது அலையைத் தானே உண்டாக்காமல், அருகிலுள்ள நிலையம் அனுப்பும் வானொலி அலையைக் குரலின் அதிர்வுக்கேற்பத் திருப்பி எதிரொளித்தது. குரலை எண்களாக மாற்றும் வேலையையும் தவிர்த்தது. அதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 3.5 மைக்ரோவாட் ஆற்றலை அந்த அலையிலிருந்தோ சுற்றியுள்ள ஒளியிலிருந்தோ அது பெற்றது. ஒளியைக் கொண்டு இயங்கியபோது ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவு வரை பேச முடிந்தது. அந்த நிலையத்துக்கோ வழக்கமான மின்சாரம் வேண்டியிருந்தது.