எச்.எம்.எஸ். ஹேர்மீஸ்

எச்.எம்.எஸ். ஹேர்மீஸ் என்பது பிரித்தானியக் கடற்படையின் வானூர்தி தாங்கிக் கப்பல் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஏப்ரல் 9 அன்று இலங்கையின் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டது. கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ள இதன் சிதைவு, இப்பகுதி மீனவர்கள் நன்கறிந்த மீன்பிடி இடமாகும்.

கட்டுமானம்

நீராவிச் சுழலிகளால் இயங்கிய இக்கப்பல் சுமார் 183 மீட்டர் நீளமானது. 1918 இல் கட்டத் தொடங்கப்பட்டு, 1919 இல் நீரில் இறக்கப்பட்டு, 1924 இல் சேவைக்கு வந்தது. தொடக்கத்திலிருந்தே வானூர்தி தாங்கியாக வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதலாவது கப்பல் இதுவாகும். எனினும் பணிகள் தாமதமானதால், ஜப்பானின் ஹோஷோ 1922 இலேயே சேவைக்கு வந்துவிட்டது.

மூழ்கடிப்பு

ஜப்பானியர் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கினர். அடுத்து திருகோணமலை தாக்கப்படும் என எச்சரிக்கை கிடைத்ததால், ஹேர்மீஸ் ஏப்ரல் 8 இரவு ஆஸ்திரேலியாவின் வாம்பயர் என்ற போர்க்கப்பலுடன் அத்துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றது. மறுநாள் திரும்பி வரும் வழியில் ஜப்பானியர் கண்ணில் பட்டது. அப்போது கப்பலில் வானூர்திகள் எவையும் இருக்கவில்லை. உதவிக்கு அனுப்பப்பட்ட போர் வானூர்திகளும் காலம் தாழ்ந்தே வந்தன. தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோரை மீட்டது. வாம்பயர், ஹொலிஹொக் ஆகிய போர்க்கப்பல்களும், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அன்றே மூழ்கின.

மீன்பிடி இடமாக

மணற்பாங்கான கடலடியில் கப்பற்சிதைவு ஒரு பாறைத்திட்டுப் போலச் செயற்படுகிறது. இரும்புப் பரப்பில் சிப்பிகள், கடற்பஞ்சுகள், பவளங்கள் பற்றி வளர்கின்றன. அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களைத் தேடிப் பாரை, களவா போன்ற பெரிய மீன்களும் வருகின்றன. வலைகள் சிதைவில் சிக்கிக் கிழியக்கூடும் என்பதால் இத்தகைய இடங்களுக்குத் தூண்டிலே ஏற்றது. அறுந்து சிக்கிய வலைகள் தொடர்ந்தும் மீன்களைக் கொல்லும்.

எண்ணெய்க் கசிவு

2020 ஏப்ரலில் சிதைவின் எரிபொருள் தாங்கியிலிருந்து எண்ணெய் கசிந்தது. இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் கசிவை அடைத்தனர். துருப்பிடிக்கும் போர்க்காலச் சிதைவுகள் பலவற்றுக்கும் இவ்வாபத்து உண்டு. மீனவருக்கு வாழ்வு தரும் இவ்விடம் கப்பலோடு மாண்டவர்களின் கல்லறையுமாகும்.