‘நாலு அடிங்க, அவ்ளோதான்!’ - ஜன்னல் மாத்தும்போது நாம சறுக்குற இடம்

ஜன்னல் ஆர்டர் கொடுக்கும்போது போன்ல நாம சொல்ற வார்த்தை இதுதான்: “நாலு அடிங்க, அவ்ளோதான்.” நாலு அடின்னா 1219 மில்லிமீட்டர். செய்பவர் அதையே 1200 என்று எழுதிக்கொண்டால் 19 மி.மீ காணாமல் போகும். ஆசாரி கணக்கில் ஆறு நூல் (ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்). அந்தச் சந்து வழியா மழைத்தண்ணியும் பல்லியும் தாராளமா வரும். தப்பு எதிர்ப்பக்கம் நடந்து ஜன்னல் பெரிசா வந்துட்டா இன்னும் கஷ்டம். மரம்னா இழைச்சுச் சரிபண்ணலாம். யூபிவிசி-யை இழைக்க முடியாது. ஆர்டர் கொடுத்துச் செஞ்சதை யாரும் திரும்ப எடுத்துக்கவும் மாட்டாங்க.

“அதுக்கென்ன, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைக் கொத்திக்கலாமே”ன்னு தோணுதா? செஞ்சியில் கோட்டைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அப்படிச் சட்டென்று முடிவெடுக்க முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய அந்தக் கோட்டை, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று தேர்வான 12-ல், 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி.

பெருமைதான். கூடவே ஒரு விதியும் இருக்கு. இது யுனெஸ்கோ சொன்னது இல்லை, அதுக்கு முன்னாடியே இருக்கும் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடுகளைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்றுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அதனால உங்க வீடு இந்த 300 மீட்டருக்குள்ள இருந்தா, ஜன்னல் வேலைக்கு அனுமதி வேணுமான்னு முதல்ல கேட்டுடுங்க. மஹாபலிபுரம், தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் இதே கதைதான். இருக்கிற திறப்பைப் பெரிசாக்காமல், அதற்குள் சரியாக உட்காரும் ஜன்னலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதுக்கு அளவு சரியா இருக்கணும்.

முதல்ல ஒரு முடிவு: பழைய மர நிலை இருக்கப் போகுதா, போகப் போகுதா? இருக்குன்னா, நிலையோட உள்பக்கம்தான் உங்க அளவு. கொஞ்சம் வெளிச்சம் குறையும், ஆனா சுவர் தப்பிக்கும். நிலையைக் கழற்றுவதாக இருந்தால், வெளியே தெரியும் பூச்சு விளிம்பை நம்பாதீங்க. உள்ளே செங்கல் எங்கே முடியுதுன்னு நிலையை எடுத்த பிறகுதான் தெரியும். ஓரங்களைப் பூசி, காய்ந்த பிறகு எடுக்கும் அளவுதான் கடைசி அளவு. அதுவரை பிளைவுட் வைத்து அடைத்துக்கொள்ளலாம். எல்லா ஜன்னலையும் ஒரே நாளில் பிடுங்கிப்போட்டுவிட்டு முழிக்காதீங்க.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுங்க. உயரத்தை இடது, நடு, வலது. மூன்றிலும் எது சின்னதோ அதுதான் அளவு. பழைய வீட்டில் மூன்றும் ஒன்றாக வந்தால் இன்னொரு தடவை அளந்து பார்க்கிறது நல்லது!

இதோட நிறுத்திடாதீங்க. திறப்பு ஒரு பக்கமா சாய்ந்திருந்தாலும் மூன்று அகலமும் ஒரே மாதிரி வரலாம். அதைக் காட்டிக்கொடுப்பது மூலைவிட்டம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் சமமாக வர வேண்டும். 3 அடிக்கு 4 அடி ஜன்னல்னா ரெண்டுமே சரியா 5 அடி (பள்ளிக்கூடத்துல படிச்ச பிதாகரஸ் ஒருவழியா வேலைக்கு வந்துட்டார்). வித்தியாசம் பெரிசா இருந்தா தூக்குக்குண்டு விட்டு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்குன்னு பார்த்து ஜன்னல் செய்பவரிடம் சொல்லிடுங்க.

துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். இரும்பு டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி லொடலொடன்னு ஆடினா தூக்கிப் போடாதீங்க. வெளிப்பக்கம் மாட்டி அளந்தாலும் உள்பக்கம் முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வர, கொக்கியின் தடிமன் அளவுக்கு அது ஆடத்தான் வேண்டும். போன்ல இருக்கிற அளவு ஆப், சோபா வைக்க இடம் இருக்கான்னு பார்க்க ஓகே. ஜன்னலுக்கு அதை நம்பக் கூடாது. ஆனா போன் வேறு விதத்துல உதவும்: டேப்பில் எண் தெரியும்படி ஒவ்வோர் அளவையும் போட்டோ எடுத்து வைங்க.

சுவரின் ஆழத்தையும், கம்பி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பலர் மறந்துடுறாங்க. நம்ம வீடுகள்ல ஜன்னல்னா கம்பி இல்லாம இருக்காது. கைப்பிடி கம்பியில் இடித்தால் ஜன்னலைத் திறக்கவே முடியாது. கொசுவலையும் வேணும்னா தடம் இன்னும் அகலமாகும்.

கதவுக்கு வருவோம். பழைய நிலையில் புதுக் கதவு என்றால், கதவு உட்காரும் காடிக்குக் காடி அளக்கணும். நிலையின் வெளி விளிம்பை இல்லை. கீல் எந்தப் பக்கம், உள்ளே திறக்குமா, வெளியேயா என்பதையும் எழுதுங்க. தரையில் டைல்ஸ் போடப் போறீங்கன்னா, கலவையும் சேர்த்து அது எவ்வளவு ஏறும்னு கொத்தனாரிடம் கேட்டு உயரத்தில் கழிச்சிடுங்க. மரக் கதவுன்னா மழைக்காலத்தில் உப்பும், அதுக்கும் இடம் விடணும்.

கடைசியா ஒரு விஷயம். யூபிவிசி ஜன்னலைப் பொருத்த, பக்கத்துக்கு சுமார் 5 மி.மீ இடைவெளி விடுவது வழக்கம். அதை நீங்களும் கழிச்சு, ஜன்னல் செய்பவரும் கழிச்சா சந்து ரெட்டிப்பாயிடும். அதனால வாட்ஸ்அப்ல அனுப்பும்போது இப்படி எழுதுங்க: “ஹால் ஜன்னல், அகலம் 1214, உயரம் 1066, மி.மீ-ல. இது சுவர்த் திறப்பின் அளவு, நான் எதுவும் கழிக்கலை.” அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அவரையே ஒரு தடவை நேரில் வந்து அளக்கச் சொல்லுங்க. ரெண்டு பேர் அளவும் ஒத்துப்போகலைன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே டேப்பில் இன்னொரு தடவை அளந்துட்டு, அந்தத் தாளில் அவர் கையெழுத்தை வாங்கி வைங்க.