மேஸ்திரி கை காட்டினால்தான் வேலை

நான் முதன்முதலா வேலைக்குச் சேர்ந்த ஆபீஸ்ல நல்ல ப்ராஜெக்ட் எல்லாம் மேனேஜரோட டீ குடிக்கப் போறவங்களுக்குத்தான் போகும். மனுஷன் சரியில்லை, அவ்வளவுதான்னு நினைச்சேன். மெட்ராஸ் ஹார்பர் தொழிலாளர் வரலாற்றைப் படிச்ச பிறகு அந்த எண்ணம் மாறிடுச்சு. ராயபுரத்துக்குப் பக்கத்துல நடந்த கதை இது.

அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் பஸ் மாதிரி டைமுக்கு வராது. ஒருநாள் நாலு கப்பல் நிக்கும், மறுநாள் ஒண்ணும் இருக்காது. சரக்கு ஏத்தி இறக்குற வேலையை எடுத்துச் செய்யுற ஸ்டீவடோர் கம்பெனிகள், சும்மா இருக்கிற நாளுக்கு எதுக்குக் கூலி கொடுக்கணும்னு ஆட்களை அன்னன்னைக்கு எடுத்தாங்க. கம்பெனிக்கு லாபக் கணக்கு. கப்பல் வராத நாளோட நஷ்டம் தொழிலாளி வீட்டு அடுப்புக்குப் போயிடும்.

இந்தக் கணக்கு ஓடணும்னா தேவைக்கு மேல ஆள் நிக்கணும். அந்தக் கூட்டத்துலேருந்து பொறுக்கி எடுக்க ஒருத்தரும் வேணும். அவர்தான் மேஸ்திரி. ஊர்க்காரன், சாதிக்காரன், கடன்பட்டவன், மாமூல் கொடுக்கிறவன்... யாரைக் கூப்பிடுறதுங்கிறது அவர் இஷ்டம். நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. லண்டன், நியூயார்க்லயும் காலையில கூட்டம் நிக்கும், ஃபோர்மேன் கை காட்டினவனுக்குத்தான் வேலை. 1954ல வந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படத்துல இதைப் பார்க்கலாம்.

1929ல அமைச்ச விட்லி கமிஷன், 1931ல அறிக்கை கொடுத்துச்சு. ஆலைகள்ல ஆள் எடுக்கிற அதிகாரத்தை மேஸ்திரிகிட்டேருந்து எடுத்துடுங்க, பெரிய துறைமுகங்கள்ல தொழிலாளர்களைப் பதிவு செய்யுங்கன்னு சொன்னாங்க. துறைமுகத்துக்கு அதுக்கான சட்டம் வந்தது 1948ல. பதினேழு வருஷம்! மெட்ராஸ்ல டாக் லேபர் போர்டு வந்தது ஐம்பதுகளில்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம். மேஸ்திரியை நல்லவராக்க யாரும் முயற்சி பண்ணலை. பேரு பதிவேட்டுல இருக்கும், வேலை சுழற்சி முறையில வரும். வந்து வேலையில்லாம திரும்பினாலும் ஒரு படி உண்டு. மாசத்துல குறைஞ்சபட்சம் இத்தனை நாள் கூலி உறுதி. அப்புறம் மேஸ்திரியோட தயவுக்கு என்ன விலை? என் பழைய ஆபீஸ்ல, அடுத்த ப்ராஜெக்ட் யாருக்குன்னு எழுதி வெச்ச லிஸ்ட் ஒண்ணு கூட இருந்ததில்லை.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. பதிவேட்டுக்குள்ள இருக்கிறவனுக்குத்தான் முறை. வெளியே நின்னவன் பேரை உள்ளே யார் சேர்க்கிறது? கேட்ல இருந்த கூட்டம் இப்போ பதிவேட்டு வாசலுக்கு வந்துடுச்சு. பதிவாகாத தொழிலாளர்களுக்குன்னே அப்புறம் தனியா திட்டம் போட வேண்டியிருந்தது.

அதுக்குள்ள பெட்டி வந்துடுச்சு. 1983ல மெட்ராஸ்ல கன்டெய்னர் முனையம் திறந்தாங்க. ஒரு கூட்டமே நாள் முழுக்க மூட்டை சுமந்த வேலையை கிரேன் சில நிமிஷத்துல முடிச்சது. 1948 சட்டம் பெரிய துறைமுகங்களுக்குப் பொருந்தாதுன்னு அறிவிக்க வழிவிட்டு 1997ல இன்னொரு சட்டம் வந்துச்சு. 2001ல வடக்கே எண்ணூர்ல புதுத் துறைமுகம். அதை டிரஸ்டா இல்லாம கம்பெனியாவே ஆரம்பிச்சாங்க. நிலமும் கடலும் துறைமுகத்தோடது, முனையங்களை நடத்துறது பெரும்பாலும் தனியார். அங்க டாக் லேபர் போர்டுன்னு ஒண்ணு வரவே இல்லை.