பின்வாசலும் சாவியும்: லினக்ஸ் மீட்பு நிலையின் பாதுகாப்பு குறித்து

முன்னுரை

கணினி வழக்கம்போலத் துவங்க மறுக்கும்போது நிர்வாகி உள்ளே நுழைவதற்கென்று இயங்குதளங்கள் வைத்திருக்கும் பின்வாசலே மீட்பு நிலை. கடவுச்சொல்லை மறந்தவரும், பழுதான கோப்பு முறைமையைச் சரிசெய்ய வந்தவரும், அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தவறாக எழுதிக் கணினியை முடக்கியவரும் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். அங்கே கிடைப்பது ரூட் அதிகாரம். இயங்குதளத்தில் அதற்கு மேற்பட்ட பயனர் அதிகாரம் கிடையாது. முன்வாசலுக்கு நீண்ட கடவுச்சொல், விரல்ரேகை, இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று அடுக்குகிற நாம், இந்தப் பின்வாசலைப் பெரும்பாலும் நிறுவிய நாளில் இருந்தபடியே விட்டுவிடுகிறோம்.

பூட்டு, குறியாக்கம், சாவிக்காப்பு ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகச் செய்தால்தான் மீட்பு நிலை பாதுகாப்பாகும் என்பதும், அம்மூன்றில் சாவிக்காப்பே தலையாயது என்பதும் இக்கட்டுரையின் வாதம். உபுண்டு, டெபியன் ஆகிய இரு லினக்ஸ் வழங்கல்களின் நடைமுறையைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

கொள்கை

கணினிப் பாதுகாப்பின் அடிப்படை நெறிகளை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் தொகுத்தளித்தார்கள். அவற்றுள் ஒன்று முழுமையான இடையீடு: எந்தப் பொருளை எவர் அணுகினாலும், ஒவ்வொரு முறையும் அவருக்கு உரிமை உண்டா என்று சரிபார்க்க வேண்டும். அன்றாட இயக்கத்தோடு இந்நெறி நின்றுவிடக் கூடாது. துவக்கம், மீட்பு, நிறுத்தம், பராமரிப்பு ஆகிய நிலைகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்று அவர்கள் அப்போதே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும், துவக்கமும் மீட்பும் இந்நெறிக்கு வெளியே நிற்கும் கணினிகள் ஏராளம்.

இரு வழங்கல்கள், இரு விடைகள்

உபுண்டு கணினியை இயக்கியவுடன் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் துவக்கியின் பட்டியல் தோன்றும். கூடுதல் தெரிவுகளுக்குள் சென்று மீட்பு நிலையைத் தேர்ந்து, அங்கே ரூட் என்ற வரியை அழுத்தினால் கட்டளைத்திரை திறந்துகொள்ளும். இயல்பான நிறுவலில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும்; கேட்பதற்குக் கடவுச்சொல்லே இல்லாததால் எவரும் கேட்பதுமில்லை. டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டாலும் அந்தக் கணக்கு பூட்டப்படும். ஆனால் அங்கே பல பதிப்புகளில் விடை நேர்மாறு: ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு மீட்பு நிலை வாசலை மூடிக்கொள்ளும். ஒன்று யார் வந்தாலும் திறக்கிறது. மற்றது உரியவர் வந்தாலும் திறப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நிறுவலின்போது யாரும் முடிவு செய்யவில்லை.

இந்த வேறுபாட்டையும் தாண்டிச் செல்லும் வழி ஒன்று உண்டு. கிரப் பட்டியலில் ஆங்கில 'இ' விசையைத் தட்டினால் துவக்கக் கட்டளைகள் திருத்தத்தக்கனவாக விரியும். கெர்னலை ஏற்றும் வரியின் முடிவில், முதல் செயல்முறையாகப் பாஷ் ஓட வேண்டும் என்று ஒரே சொல்லைச் சேர்த்துக் கன்ட்ரோலையும் எக்ஸ் விசையையும் அழுத்தினால் போதும். வழக்கமான துவக்க நிரல்கள் எவையும் ஓடாமல், ரூட் உரிமையோடு கட்டளைத்திரை வந்து நிற்கும். வட்டைத் திரும்ப ஏற்றி எழுதும் உரிமை பெற ஒரு கட்டளை, கடவுச்சொல்லை மாற்ற இன்னொன்று. வட்டு குறியாக்கப்படாமலும் துவக்கி பூட்டப்படாமலும் இருந்தால், விசைப்பலகைக்கு முன் சில நிமிடம் கிடைத்தவருக்கு இது போதுமானது.

பூட்டு

கிரப் துவக்கிக்கே கடவுச்சொல் இடுவது முதல் தடுப்பு. அதற்கான கருவி நாம் தரும் சொல்லை ஷா-512 சார்பு வழியே, இயல்பாக 10,000 சுற்றுகள் செலுத்தி ஒருவழிச் சுருக்கமாக்கித் தருகிறது. அச்சுருக்கத்தையும் மேலாளர் பெயரையும் கிரப்பின் தனி அமைப்புக் கோப்பில் எழுதி, அதை நிர்வாகி மட்டும் படிக்குமாறு வைத்து, பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

கவனம் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். மேலாளர் பெயரை எழுதிய கணமே, விலக்கு அளிக்கப்படாத எல்லாத் துவக்கப் பதிவுகளும் கடவுச்சொல் கேட்கத் தொடங்கும். மின்தடைக்குப் பின் ஆளில்லா அறையில் தானாக எழ வேண்டிய சர்வர், யாரோ வந்து தட்டச்சு செய்யக் காத்து நிற்கும். ஆகவே வழக்கமான பதிவுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும். திருத்தும் உரிமை அப்போதும் மேலாளரிடமே இருக்கும். ஆனால் பலர் செய்வதுபோல எல்லாப் பதிவுகளும் பகிரும் பொது வரியில் விலக்கைச் சேர்த்தால், மீட்புப் பதிவுக்கும் அது சேர்ந்தே கிடைத்துவிடும். அப்போது அதைக் காப்பது கூடுதல் தெரிவுகளின் உள்பட்டியல் கேட்கும் கடவுச்சொல் மட்டுமே. உள்பட்டியலை நீக்கி அமைத்த கணினியில் அந்தக் காப்பும் இல்லை. பூட்டிவிட்டோம் என்று நிர்வாகி நம்பிய வாசல் திறந்தே கிடக்கும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. துவக்க நிலையில் தமிழ்99 போன்ற உள்ளீட்டு முறைகள் ஏற்றப்பட்டிருக்காது. கிரப் இயல்பாக எதிர்பார்ப்பது அமெரிக்க ஆங்கில விசை அமைப்பு. மேசைத்திரையில் தமிழ் எழுத்துகளால் அமைத்த கடவுச்சொல்லைத் துவக்கத் திரையில் உரியவரே தட்டச்சு செய்ய இயலாது போகும்.

பூட்டிலும் பழுது நேர்ந்திருக்கிறது. கிரப் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை தட்டினால் சரிபார்ப்பையே கடந்து மீட்புக் கட்டளைத்திரையை அடையலாம் என்று ஸ்பெயினின் வலென்சியா பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்டர் மார்கோவும் இஸ்மாயில் ரிபோலும் 2015 டிசம்பரில் காட்டினார்கள். 1.98 பதிப்பு முதல் 2.02 வரை அந்தக் குறை இருந்தது.

குறியாக்கம்

பழுதற்ற பூட்டுக்கும் எல்லை உண்டு. பென்டிரைவில் உள்ள இன்னோர் இயங்குதளத்தைக் கொண்டு கணினியைத் துவக்குபவருக்கும், வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துபவருக்கும் கிரப் கடவுச்சொல் குறுக்கே நிற்பதில்லை. அவர்களைத் தடுப்பது லினக்ஸின் லூக்ஸ் வகை வட்டுக் குறியாக்கம். இந்தக் காரணத்தைக் கொண்டே, கணினி கையில் கிடைத்தவரிடம் எந்தப் பூட்டும் பயனற்றது என்று வாதிடுவோர் உளர். அந்த வாதம் எல்லா அயலாரையும் ஒரே தராசில் நிறுக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து நிமிடம் தனியே இருப்பவரும், லேப்டாப்பைத் திருடிச் சென்று திருகாணி கழற்றுபவரும் ஒருவரல்லர். முன்னவருக்குப் பூட்டு, பின்னவருக்குக் குறியாக்கம். குறியாக்கிய கணினியிலும் கெர்னல் இருக்கும் துவக்கப் பகுதி பெரும்பாலும் குறியாக்கப்படாமலே இருப்பதால், அதை மாற்றிவைப்போரைத் தடுக்க ஃபர்ம்வேர் கடவுச்சொல்லும் செக்யூர் பூட் (Secure Boot) ஏற்பாடும் உடன் வேண்டும்.

அதே இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்த வேலைப் பங்கீட்டைத் தெளிவாக்குகிறது. லூக்ஸ் கடவுச்சொல் கேட்கும் திரையில் என்டர் விசையை ஏறத்தாழ 70 விநாடி அழுத்திப் பிடித்தால், முயற்சிகள் தீர்ந்து ரூட் கட்டளைத்திரை வந்துவிட்டது. பழுதுபார்ப்பவருக்கு உதவட்டும் என்று வைத்த ஏற்பாடே அயலாருக்கும் வழியானது. ஆனாலும் வந்தவருக்குக் குறியாக்கிய தரவைப் படிக்க முடியவில்லை. அழிக்கவோ அப்படியே நகலெடுக்கவோ மட்டுமே முடிந்தது.

சாவிக்காப்பு

சாவியைக் காப்பது ஏன் தலையாயது என்பதற்கு விண்டோஸ் உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால் முடங்கிய விண்டோஸ் கணினிகள் ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. தீர்வு எளியது: மீட்பு நிலைக்குள் சென்று ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் விண்டோஸின் பிட்லாக்கரால் குறியாக்கிய கணினிகள் அந்த வாசலில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அச்சாவிகளை முடங்காத ஓரிடத்தில் வைத்திருந்த அலுவலகத்துக்கு அது ஒவ்வொரு மேசையாக நடந்து முடிக்கிற வேலை. சாவிகளைக் காத்த சர்வரும் உடன் விழுந்த இடத்திலோ பூட்டு உரியவரையே வெளியே நிறுத்தும். பூட்டு சரியாகவே வேலை செய்தது என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது.

லூக்ஸ் இதற்கு வசதி செய்து தந்திருக்கிறது. ஒரே வட்டுக்கு முதல் பதிப்பில் 8 சாவி இடங்கள் உண்டு. இரண்டாம் பதிப்பில் 32 வரை அமையலாம். அன்றாடக் கடவுச்சொல்லுக்கு ஓரிடம். மீட்புக்கென்று தனியே உருவாக்கிய நீண்ட சாவிக்கு இன்னோரிடம். இரண்டாவதையும், கிரப் மேலாளர் கடவுச்சொல்லையும், ரூட் கடவுச்சொல் இருந்தால் அதையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, கணினி இருக்கும் அறைக்கு வெளியே பூட்டிய பெட்டியில் வைக்கலாம். எடுத்தவர் பெயரும் நாளும் பதிவேட்டில் ஏற வேண்டும். லூக்ஸ் தலைப்பகுதியின் நகலும் அதே காவலில் இருக்கட்டும். தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது.

முடிவுரை

பூட்டுவதால் ஆபத்து நேரத்தில் நாமே வெளியே நிற்போம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அது பூட்டைக் கழற்றுவதற்கான காரணம் ஆகாது. மேற்கண்ட டெபியன் நிலையும் 2024 நிகழ்வும் காட்டுவதுபோல, சாவியைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுப்பதற்கான காரணமே. குறியாக்கத்தை நிறுவலின்போதே செய்வது எளிது. மீட்புச் சாவியை உறையில் வைத்த பிறகே துவக்கிக்குப் பூட்டு இட வேண்டும். இறுதியாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும்: அந்தக் கணினியை அமைக்காத ஒருவர் உறையைப் பிரித்து, அதிலுள்ளவற்றை மட்டும் கொண்டு மீட்பு நிலைக்குள் நுழைய வேண்டும், உறை இல்லாத இன்னொருவர் அதே முயற்சியில் தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் அந்தக் கணினியின் பின்வாசல் பாதுகாப்பானது என்று சொல்லலாம்.