ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலையும் ஒரு வருஷ ஸ்டாக்கும்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ள தன்வந்திரி சன்னதி இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியோட ஞாபகம் அதுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சவங்க கம்மி. 13-ஆம் நூற்றாண்டுல, ஹொய்சளர்கள் இந்தப் பக்கம் செல்வாக்கோட இருந்த காலத்துல, கோயிலோட சேர்ந்த ஆரோக்கியசாலை ஒண்ணு இங்கே நடந்திருக்கு. இடையில பாழாப்போனதை கருடவாகன பட்டர் புதுப்பிச்சு, தன்வந்திரியையும் எழுந்தருளப் பண்ணினார்னு 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லுது.

சரி, அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில மருந்தை எப்படி வெச்சுக்கிட்டாங்க? இதுக்கு இன்னும் 400 வருஷம் பின்னாடி, காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கிற திருமுக்கூடலுக்குப் போகணும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற ஊர். அங்கே பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வீரசோழன்னு பேர் வெச்ச ஆதுலர் சாலை, 15 படுக்கை. ஒரு வைத்தியர், ஒரு அறுவை வைத்தியர், நோயாளிகளைப் பார்த்துக்க பெண்கள் ரெண்டு பேர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச ரெண்டு பேர்.

எனக்குப் பிடிச்ச பகுதி இனிமேதான். இருபது மருந்து வரைக்கும் பேர் போட்டு, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு இருப்பு இருக்கணும்னு அளவும் வெட்டியிருக்காங்க. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், தைலம், நெய், கல்யாண லவணம்னு ஒரு உப்பு. அதுல ஒண்ணு பழைய நெய். அதுக்குன்னே வருஷா வருஷம் பசு நெய் ஒதுக்கியிருக்காங்க, வெச்சு பழசாக்கணும்ல! எக்ஸ்பைரி டேட்டுக்கு நேர் எதிரான மருந்து.

உடனே "நம்ம முன்னோர்கள் அப்பவே சூழலைக் காப்பாத்தினாங்க"ன்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. அவங்க கணக்கு பார்த்தாங்க, அவ்வளவுதான். 15 படுக்கைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. மிச்சமானாலும் இலை, வேர், சக்கைதான், மண்ணுக்குப் போயிடும்.

இன்னைக்கு மிச்சமாகிற மருந்து அப்படிப் போகாது. 2021-ல ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் காவிரியில மருந்துப் பொருட்கள் கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் பட்டியல்ல இருக்கு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவா உட்கார்ந்திருக்கிற ஊருக்கு இது சும்மா ஒரு செய்தி கிடையாது, குடிக்கிற தண்ணி.

இதுல பெரும்பங்கு நம்ம உடம்பு வழியாவே போகுது. விழுங்கின மருந்துல ஒரு பகுதி சிறுநீர்ல வெளியே வந்துடும். அதை ஒரு பார்மசி தடுக்க முடியாது. ஆனா தேவையில்லாம வாங்கி, காலாவதியாகி, தூக்கிப் போடுறதைத் தடுக்கலாம். 2016 மருத்துவக் கழிவு விதிகள்படி காலாவதி மருந்தைக் கம்பெனிக்கே திருப்பணும், இல்லன்னா எரிக்கணும். எரிச்சா புகை. அதனால எரிக்கிற கட்டத்துக்கு வராம பார்த்துக்கிறதுதான் உருப்படியான வழி.

இந்த விஷயத்துல தமிழ்நாடு 1994-லயே ஒரு நல்ல டிசைன் பண்ணிச்சு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்தை மொத்தமா ஒரே இடத்துல வாங்கி, மாவட்டக் கிடங்குகள்ல வெச்சு, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். உங்க ஒதுக்கீட்டுக்குள்ள, வேணும்கிறபோது வேணும்கிற அளவு எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை "எதுக்கும் இருக்கட்டும்"னு மொத்தமா வாங்கிக் குவிச்சு, அலமாரியிலேயே சாக விடுற பழக்கத்துக்கு இது மருந்து. சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு இது திருமுக்கூடல் சுவரோட அடுத்த வெர்ஷன் மாதிரி தெரியுது, நடுவுல 900 வருஷம் கேப்.

அதே கழகம்தான் டப்பாவுல உதிரியா வந்த மாத்திரைகளை ஸ்ட்ரிப்புக்கு மாத்தினது. ஃபாயில் குப்பை கூடிச்சு, உண்மைதான். ஆனா நம்ம ஊர் ஈரப்பதத்துல மாத்திரை கெடாம இருக்க அந்த விலை பரவாயில்லைன்னுதான் நான் சொல்லுவேன்.

செய்ய வேண்டியது இன்னும் இருக்கு. ஒரு ஆஸ்பத்திரியில காலாவதி நெருங்கின மருந்தை, அது வேகமா செலவாகிற இன்னொரு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே மாத்தணும். மாத்திரை விழுங்கக்கூடியவருக்கு ட்ரிப்ஸ்ல பாராசிட்டமால் ஏத்தாம இருந்தாலே பாட்டில், ட்யூப், ஊசி எல்லாம் மிச்சம். வீட்டுல மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு பார்மசி கவுன்ட்டர்லயும் ஒரு பெட்டி வேணும். அது இல்லாத வரைக்கும் சிங்க்ல கொட்டாதீங்க மக்களே. சாக்கடை எங்கே போகுதுன்னு திருச்சிக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.