எங்கள் ஊக்குநர் அம்மாவின் படம்

எண்ணெய் வண்ண உருவப்படம் முன்பு துரைமாருக்கும் ராஜாக்களுக்கும்தான். 1878-இல் ரவிவர்மா வரைந்தது சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவை. எங்கள் கதை வேறே. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு திருத்தணிப் பக்கம் வந்தபோது, வீடு வீடாக ஏறி எங்களைச் சேர்த்தவர் ஊக்குநர் அம்மா. அவர் படத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் மாட்டத் தீர்மானம் போட்டோம். இருந்ததோ, பேங்க் கணக்குக்கு எடுத்த கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் போட்டோ ஒன்றுதான். ஓவியர் அதில் கட்டம் போட்டு, கேன்வாஸில் பெரிதாக்கினார். "புடவை என்ன கலரும்மா?" அரக்கு என்று அடித்துச் சொன்னேன். பாதியில் பார்க்க வந்த மகள், "பச்சைதான் அத்தை" என்று அந்தப் புடவையையே கொண்டுவந்து காட்டினாள். எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். ஓவியர் அரக்கைத் துடைத்துப் பச்சை தீட்டினார். கறை படாமல் புடவையை மடித்து எடுத்துப்போனாள் மகள்.